டீசல் அசையும் கணம்

மகன்,

பெண் வீட்டார் நாள் குறித்துவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியதை வாசித்ததும் கண் நிறைந்துபோனது. அடுப்பில் அவிந்துகொண்டிருந்த நெல்லை இறக்கி வைத்தேன். இரண்டு றக்அத் தொழுதேன். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பறக்கத் செய்யட்டும். அதே கடிதத்தில் நீங்கள் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். நிக்காஹ் முடிந்த கையோடு நெல் மில்லையும் எஞ்சினையும் விற்றுவிட்டு நான் கொழும்புக்கு வந்து உங்களோடு இருந்துவிட வேண்டும், நாலந்தாவில் உம்மா தனியாகக் கிடப்பதை நினைத்தால் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை என்று. இதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் ஒரு வரியில் எழுதினால் உம்மா வீம்பு பிடிக்கிறா என்றுதான் உங்களுக்குத் தோன்றும். ஆகவே வாப்பா மௌத்தான பிறகு இங்கே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதியை நான் உங்களுக்கு எழுதவே இல்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளையின் மனதில் பாரம் ஏற்றக்கூடாது என்று நினைத்தேன். ஒன்றும் எழுதாமல் விட்டதும் ஒரு பாரமாகத்தான் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று இப்போது தெரிகிறது.

வாப்பாவை அடக்க ஜனாஸாவுக்கு வந்த நீங்கள் லீவு முடிந்து திரும்பிய அன்று, கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் மறைந்திருக்கிற இத்தாவில் நான் இருந்தேன். வாசல் வரை வந்து அனுப்பிவைக்கக்கூட முடியவில்லை. ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று, உங்கள் செருப்புச் சத்தம் றோட்டுப் பக்கம் போவதையும், பஸ் நின்று புறப்படுவதையும் கேட்டேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எனக்குக் கண் என்று இருந்தது காதுதான். அந்நிய ஆண்கள் முன்னால் வராமல், வெள்ளை உடுத்துக்கொண்டு, அந்தப் பின்னறைக்குள் ஓதுவதும் தொழுவதுமாக இருந்தேன். அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் மில். வாப்பாவின் தம்பி, உங்கள் சாச்சாதான் அவருக்குப் பதிலாக வந்து மில்லை ஓட்டினார். காலையில் அவர் ஹேண்டிலைச் சுற்றி எஞ்சினைப் பற்றவைக்கும்போது சுவர் அதிரும். என் தலையணை அதிரும். அது நின்ற பிறகு வருகிற அமைதியில்தான், மகன், மனிதர் போய்விட்டார் என்பது ஒவ்வொரு நாளும் புதிதாக எனக்கு விளங்கும்.

உங்களுக்கு ஒன்று தெரியுமோ என்னவோ. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் நான் மில்லுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தேத்தண்ணி கொண்டுபோனாலும் வாசல்படியோடு சரி. வாப்பா என்னை வரவேண்டாம் என்று தடுத்தவரில்லை. வா என்று கூப்பிட்டவரும் இல்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் சுவர் வழியாக அவருடைய நாள் முழுவதும் எனக்குத் தெரியும். நெல் வரத்து அதிகமென்றால் எஞ்சின் ஒரு விதமாகப் பாடும். பெல்ட் தளர்ந்தால் வேறு விதமாக இழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு நீங்களும் வாப்பாவும் அதற்கு முன்னால் குந்தியிருந்து எதையோ திருத்துவதை, தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் பெரிய சக்கரத்தைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்புவார். நீங்கள் பம்புக்கு மேலே குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு எதையோ பார்ப்பீர்கள். “ஆ, வாப்பா!” என்பீர்கள். அவர் அப்படியே நிறுத்துவார். அது என்ன விளையாட்டு என்று எனக்கு அப்போது தெரியாது. உங்கள் இருவருக்குள் இருக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்து, கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

இத்தாவின் நடுவில் ஒருநாள் எஞ்சினின் சத்தம் மாறியது. டீசல் ஒழுகுகிறது என்று சாச்சா எங்கிருந்தோ ஓர் ஆளைக் கூட்டிவந்து பம்பைக் கழற்றிப் பூட்ட வைத்திருக்கிறார். ஒழுக்கு நின்றது. ஆனால் அதற்குப் பிறகு எஞ்சின் ஓடும்போதெல்லாம், உள்ளே யாரோ சுத்தியலால் இரும்பை அடிப்பது போல ஒரு சத்தம். சாச்சாவின் மகளைக் கூப்பிட்டு, “எஞ்சினுக்கு என்னமோ ஆகியிருக்கு, ஓட்ட வேணாம்னு உங்கட வாப்பாக்கிட்ட செல்லுங்க மகள்” என்று சொல்லி அனுப்பினேன். அவள் போய்விட்டு வந்து, “அறைக்குள்ள ஈக்கிற பெரியும்மாக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்னு வாப்பா சிரிக்கிறார்” என்றாள். அந்தக் கிழமையே ஒரு காலையில் சாச்சா ஹேண்டிலைச் சுற்றும்போது எஞ்சின் எதிர்ப்பக்கமாகத் திரும்பி அடித்தது. ஹேண்டில் அவருடைய கையைத் தூக்கி எறிந்தது. அவர் போட்ட அலறல் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஓடிப் போக முடியவில்லை. மணிக்கட்டு முறிந்து, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அத்தோடு மில் பூட்டப்பட்டது.

இத்தா முடிந்து நான் குளித்து வெளியே வந்தபோது முற்றத்தில் புல் முளைத்திருந்தது. கையில் கட்டோடு சாச்சா வந்தார். கோபத்தோடு வரவில்லை, பாவம். அவருக்கு என்மேல் அக்கறைதான். “மதினி, செல்றதக் கேளுங்க. அது மனுசனக் கொல்லுற எஞ்சின். மாத்தளையில ஒரு முதலாளி வாங்கப் பாக்கிறார். வித்துட்டு மகன்கிட்டப் போயிருங்க. இல்லாட்டி எங்கட வீட்டுக்கு வந்து இருங்க” என்றார். அப்போது வந்த உங்கள் கடிதமும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தது. சாமான் இறக்குமதி இல்லாத காலம். புதுப் பம்ப் வாங்குவது என்பது கனவு. பாண் வாங்கவே போலிமில் வரிசை கட்டி நிற்கிறோம். எல்லாரும் சொல்வதில் ஞாயம் இருந்தது. ஆனால் வியாழக்கிழமை அந்த முதலாளி பார்க்க வருவார் என்று சாச்சா சொல்லிவிட்டுப் போன பிறகு, நான் மில்லின் சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விற்கப் போகிற சாமானை ஒருதரம் பார்ப்போமே என்றுதான் இருக்கும்.

உள்ளே தவிட்டு மணமும் டீசல் மணமும். வாப்பாவின் சட்டை ஆணியில் தொங்கியது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பார்த்தால் எஞ்சின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும். வீட்டுக்காரிக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டுவந்து, பானை தேய்ப்பது போலத் தேய்க்கத் தொடங்கினேன். அந்தப் பெரிய சக்கரத்தின் விளிம்பைத் தேய்த்தபோது உளியால் வெட்டிய இரண்டு கோடுகள் வெளியே வந்தன. பக்கத்தில் எஞ்சினின் உடம்பிலிருந்து ஒரு சின்ன இரும்பு முள் சக்கரத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. வாப்பா சக்கரத்தைத் திருப்பித் திருப்பி நிறுத்தியது இந்தக் கோட்டை இந்த முள்ளுக்கு நேராகக் கொண்டுவரத்தான் என்று பட்டது. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள், அல்லாஹ்வின் ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது. டிப்போவிலிருந்து பியதாச என்று ஒரு பையன் திருத்த வந்தான். பையன் என்றால் உங்கள் வயது இருக்கும். வேலை முடிந்து கை துடைத்துக்கொண்டிருந்தவனிடம் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போய்த் தேத்தண்ணியை நீட்டினேன். எஞ்சின் அடிக்கிற சத்தத்தைச் சொன்னேன். ஹேண்டில் திருப்பி அடித்ததைச் சொன்னேன். அவன் எஞ்சினைப் பார்க்காமலே தலையாட்டினான்.

“உம்மா, அது பம்ப் டைம் மாறிப் போனது. டீசல் முந்திப் போவுது. பிஸ்டன் மேல வர முன்னமே நெருப்பு பத்துது. பிஸ்டன் மேல வரப் பாக்குது, நெருப்பு கீழ தள்ளுது. அதான் அடிக்குது. அதான் ஹேண்டில் திரும்புனது.”

“பிந்திப் போனா?”

“பிந்திப் போனா அடிக்காது. ஆனா புகைக்கும், சக்தி இருக்காது. சரியான நேரம் சக்கரத்துல வெட்டி இருக்கும். ரெண்டு கோடு இருக்குதா? முதல்ல வர்றது டீசல் போற நேரம். அடுத்தது பிஸ்டன் உச்சியில நிக்கிற நேரம்.”

பிறகு கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே செய்முறையைச் சொன்னான். பம்பிலிருந்து எஞ்சின் தலைக்குப் போகிற மெல்லிய குழாயைக் கழற்ற வேண்டும். லீவரைப் போட்டு வால்வைத் தூக்கி வைத்தால் சக்கரம் லேசாகத் திரும்பும். பம்பின் வாயில் டீசல் தளும்பி நிற்கும். சக்கரத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அந்த டீசல் அசையும். அசைந்த அந்தக் கணம்தான் கணக்கு. அங்கே நிறுத்தி, முள் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கோட்டுக்கு முந்தி நின்றால், பம்புக்குக் கீழே இருக்கிற திருகாணியைக் கொஞ்சம் இறக்கி, நட்டை இறுக்கி, திரும்பவும் பார்க்க வேண்டும். “மாறிச் சுத்த வேணாம் உம்மா. எப்பவும் எஞ்சின் ஓடுற பக்கமே சுத்தணும். தாண்டிப் போனா நல்லாப் பின்னுக்கு எடுத்து, திரும்ப முன்னுக்கு வரணும்.” பஸ்ஸில் ஏறப் போனவன் திரும்பிப் பார்த்தான். “ரெண்டு பேர் வேணும். ஒரு ஆளுக்கு ஏலாது. வீட்டுல யாரு இருக்கிறாங்க?”

இருக்கிறார்கள் என்று சொன்னேன். பஸ் போய்விட்டது.

புதன்கிழமை காலை நான் ஒருத்தியாகவே இறங்கினேன். நட்டுக் கழற்றுவதற்குள் உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது. குழாய் கழன்றது. சக்கரத்தைத் திருப்பினேன். பம்பு இந்தப் பக்கம், சக்கரமும் முள்ளும் அந்தப் பக்கம். டீசலைப் பார்க்க ஓடினால் கை விட்ட சக்கரம் தன்பாட்டுக்கு உருண்டுவிடுகிறது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டால் டீசல் தெரியவில்லை. அலுமாரியிலிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து சாய்த்து வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. பொழுது உச்சிக்கு ஏற ஏறக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். இறந்தவர்மேலும் இருக்கலாம், கொழும்பில் இருக்கிற உங்கள்மேலும் இருக்கலாம். கடைசியில் ஒரு குத்துமதிப்பில் திருகாணியை நன்றாக இறக்கி, எல்லாவற்றையும் பூட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லி ஹேண்டிலைப் பிடித்தேன். சாச்சாவின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொண்டு, திருப்பி அடித்தால் கை தானாக விலகட்டும் என்று சுற்றினேன். பெரிய பாடுபட்ட பிறகு பற்றியது. அடிக்கவில்லை! பூனை போல ஓடியது. நான் அந்தத் தவிட்டுத் தரையிலேயே நெற்றி பதித்து ஸுஜூது செய்தேன். எழுந்து பெல்ட்டை மாட்டி ஒரு சுளகு நெல்லைப் போட்டேன். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. மில் முழுக்கக் கரும்புகை. அப்படியே நின்றுவிட்டது. பையன் சொன்ன மற்றப் பக்கத்துக்கு, பிந்திப் போகிற பக்கத்துக்கு, நான் போய்விட்டேன்.

வாசல்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோதுதான் குசுமா நெல் மூட்டையோடு வந்தாள். வயலுக்கு அந்தப் பக்கத்துக் குசுமா, எப்போதும் நம்மிடம்தான் நெல் குத்துவாள். புகையைப் பார்த்து மில் திறந்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்திருக்கிறாள். நாங்கள் பேசியது சிங்களத்தில், அதைத் தமிழில் எழுதுகிறேன்.

“மில் ஓடலையா அக்கா?”

“இல்ல தங்கச்சி. நாவுல மில்லுக்குக் கொண்டுபோங்க.”

“நாவுலவுக்குச் சுமந்துபோக எனக்கு ஏலுமா? நாளன்னைக்கு அம்மா செத்த மூணு மாசத் தானம். பிக்கு ஹாமுதுருமாருக்கு எங்கட வயல் அரிசியிலதான் சோறு ஆக்கணும்னு நேர்ந்திருக்கேன்.” மூட்டையை இறக்கிவிட்டு என் முகத்தையும் எண்ணெய் பூசிய கையையும் பார்த்தாள். “நீங்க தனியாவா இதோட மல்லுக்கட்டுறீங்க?”

“ரெண்டு பேர் செய்ற வேலை” என்றேன்.

“அப்ப நான் என்ன செய்யணும்?”

அவ்வளவுதான் கேட்டாள், மகன். எனக்கு எஞ்சின் தெரியுமா, அவளுக்குத் தெரியுமா என்றெல்லாம் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சக்கரத்தடியில் போய் நின்றாள். நான் குழாயைத் திரும்பவும் கழற்றி, பம்பின் வாய்க்கு நேராகக் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்தேன். அந்த வாய் ஒரு பொத்தான் அளவுதான். அதற்குள் டீசல் கண்ணாடி போல நின்றது. நான் மூச்சு விட்டால்கூடக் கலங்கியது. “ஹெமின், ஹெமின்” என்றேன், மெதுவாக என்று. அவள் தன் முழு உடம்பையும் சக்கரத்தில் சாய்த்து மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். எவ்வளவு நேரமோ ஒன்றுமே நடக்கவில்லை. கண்ணில் நீர் கட்டியது. திடீரென்று அந்தக் கண்ணாடி உயிர் வந்தது போல ஒருதரம் துடித்தது. “ஆ!” என்று கத்தினேன். சக்கரம் நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தால் முதற்கோடு முள்ளைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. திருகாணியைக் கொஞ்சம் ஏற்றினேன். திரும்பவும் பின்னுக்கு எடுத்து முன்னுக்கு. திரும்பவும் துடிப்பு. இப்போது கிட்ட வந்திருந்தது. மறுபடியும். இன்னும் கொஞ்சம். ஒருதரம் நட்டை இறுக்கும்போது திருகாணியும் சேர்ந்து திரும்பி எல்லாம் பழையபடி போய்விட்டது. நான் ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். குசுமா அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்கிற நேரத்தில் டீசல் துடித்ததும், குசுமா அந்தப் பக்கமிருந்து, “அக்கா, முள்ளு கோட்டு மேலயே நிக்குது!” என்றதும் ஒன்றாக நடந்தன.

அவளுடைய நெல்லைத்தான் முதலில் குத்தினோம். எஞ்சின் இழுத்தது. அடிக்கவில்லை, புகைக்கவில்லை. வாப்பா இருந்த நாட்களில் சுவர் வழியாக நான் கேட்ட அதே சத்தம், இப்போது சுவர் இல்லாமல். குசுமா அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்துச் சிரித்தாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வயல் வரம்பில் போனாள்.

வியாழக்கிழமை சாச்சாவும் முதலாளியும் வந்தார்கள். நான் எஞ்சினை ஓட விட்டிருந்தேன். முதலாளி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சொன்ன விலைக்கு மேலேயே தருகிறேன் என்றார். நான் விற்கவில்லை என்றேன். சாச்சாவின் முகம் விழுந்துவிட்டது. “ஆள் முன்னால என்ட மானத்த வாங்கிட்டீங்களே மதினி. பொம்பள ஒருத்தி தனியா மில்லு ஓட்டுனா ஊரு என்ன பேசும்? நாளைக்கு உங்களுக்கு ஒண்டு நடந்தா மௌத்தான என்ட நானாக்கு நான் என்ன பதில் செல்வேன்?” என்றார். “நீங்க கோபிக்க வேணாம். விக்க மனசில்ல” என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. பெருநாளுக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்தனுப்பினேன், பாத்திரம் கழுவி வந்தது, ஆள் வரவில்லை. உங்களுக்கும் அந்தப் பெருநாளைக்கு லீவு கிடைக்கவில்லை. நான் ஒருத்தியாகச் சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களுக்கு எழுதினேனே, அது பொய்.

எஞ்சினைச் சரிசெய்துவிட்டதால் தனிமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. பகலில் நெல் கொண்டு வருகிறவர்கள் பேசுவார்கள், குசுமா வருவாள். பின்னேரம் எஞ்சினை நிறுத்தினால் அந்த அமைதி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மகன், இத்தா அறையில் இருந்த தனிமையும் இதுவும் ஒன்றல்ல. அங்கே எல்லாமே சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது. இப்போது என் கையில் ஒரு வேலை இருக்கிறது. கொழும்பில் உங்கள் வீட்டுக்கு வந்தால், மருமகள் எவ்வளவு நல்லவளாக இருந்தாலும், நான் இன்னொரு சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது எனக்கு வேண்டாம்.

முந்தினால் அடிக்கும், பிந்தினால் புகைக்கும் என்பதை வைத்து உங்களுக்குக் கல்யாணப் புத்தி சொல்ல நான் வரவில்லை. எஞ்சின் வேறு, மனுசர் வேறு. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் வேலை என்னவென்று அந்தப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நீங்கள் நாள் முழுக்க எங்கே நிற்கிறீர்கள், கையில் எதைப் பிடிக்கிறீர்கள், எது உங்களைக் களைக்க வைக்கிறது என்று அவளுக்குத் தெரியட்டும். அவள் கேட்காவிட்டாலும் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாப்பாவும் நானும் ஒருவர்மேல் ஒருவர் உயிராகத்தான் இருந்தோம். ஆனாலும் அவர் என்னிடம் அந்தச் சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லியிருந்தால், நான் பிடித்திருப்பேன்.

நிக்காஹுக்குக் கட்டாயம் வருவேன். சாச்சாவையும் நானே போய்க் கூப்பிடுவேன். படியில் நின்றாவது கூப்பிடுவேன். வாப்பாவுக்குப் பதிலாகப் பந்தலில் நிற்க அவர்தான் வேண்டும். வலீமா விருந்து முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அறுவடைக் காலம், நெல் வந்துகொண்டிருக்கும். நீங்கள் இருவரும் லீவு கிடைக்கும்போது வாருங்கள். வந்தால் எப்போதும் பையை வாசலில் வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, நேரே மில்லுக்குத்தான் போவீர்கள். வாப்பாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்று அப்போது நான் ஒன்றும் சொன்னதில்லை. இந்தமுறை அப்படிச் செய்ய வேண்டாம். எஞ்சின் நன்றாக இருக்கிறது, மகன். அதற்கு நீங்கள் வரத் தேவையில்லை. என்னைப் பார்க்க வாருங்கள்.

உங்கள் உம்மா